பகலில் மறைவு, இரவில் அடைப்பு: வீட்டுக் கோழிகளைக் காப்பது எப்படி

கோழி வளர்க்கும் வீட்டில் ஒரு நாள் எண்ணிக்கை குறைந்துவிட்டால் உடனே எல்லோரும் வானத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று முடிவுகட்டி, மேலே ஒரு வலையையும் கட்டிவிடுகிறார்கள். அடுத்த வாரம் இன்னொன்று காணாமல் போகிறது. எடுத்தது பருந்தாக இருந்தால்தானே வலை தடுக்கும்? கூண்டின் பின்புறம் தரையை ஒட்டி இருக்கும் சின்ன இடுக்கு வழியாக ராத்திரியில் வந்துபோகிற ஒன்றுக்கு மேலே கட்டிய வலையால் என்ன நஷ்டம்? எதிரி யார் என்று தெரிவதற்கு முன்பே வேலி போடுவதுதான் இந்த விஷயத்தில் பணமும் உழைப்பும் வீணாகப் பெரிய காரணம்.

பகல் ஆபத்தும் இரவு ஆபத்தும் ஒன்றல்ல. பகலில் கோழிக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும். ஓடி ஒளிய நாம் இடம் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. இருட்டிவிட்டால் அதற்குக் கண் சரியாகத் தெரியாது, கட்டையில் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாது. அப்போது முழுப் பொறுப்பும் நம்முடையது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே எதைச் செய்ய வேண்டும் என்பது தானாகவே தெளியும்.

கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. தெற்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகளின் ஓரத்தில், மூங்கில் புதர்களின் அடியில் கிளறித் தின்று, ராத்திரியில் மரக்கிளையில் அடையும் பறவை. வளர்ப்புக் கோழிக்கு இதுவரை கிடைத்துள்ள மிகப் பழைய உறுதியான தடயம் என்று 2022இல் வெளியான ஓர் ஆய்வு சுட்டுவது தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளை. காலம் சுமார் கி.மு. 1650 முதல் 1250 வரை. அந்த நாளிலிருந்து இன்றுவரை கோழியின் உடல் பெருத்துவிட்டது, முட்டை பெருகிவிட்டது. தலைக்கு மேலே இலை இருந்தால்தான் நிம்மதி என்ற குணம் மட்டும் அப்படியே இருக்கிறது. புல் மட்டும் வளர்ந்த வெட்டவெளியில் அதை விட்டுவிட்டு, நடுவில் போய் மேயவில்லையே என்று குறைபட்டுக்கொள்வதில் நியாயமில்லை. அது ஓரத்தையே சுற்றுவது காரணத்தோடுதான்.

வானத்திலிருந்து வருபவை

உயரத்தில் வட்டமிடும் பருந்து கண்ணில் படுகிறது. அதனால் பழியும் அதன்மேல் விழுகிறது. பருந்துகள் குஞ்சுகளை அள்ளிக்கொண்டு போவது உண்மைதான். ஆனால் வளர்ந்த கோழிக்குப் பெரிய ஆபத்து, கண்ணுக்கே தெரியாமல் மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் வல்லூறு இனப் பறவைகள். குட்டையான, நுனி வட்டமான சிறகும் நீண்ட வாலும் உள்ளவை இவை; மரங்களுக்கு இடையே வளைந்து நெளிந்து வேகமாகப் பறப்பதற்கென்றே அமைந்த உடல். பதுங்கியிருந்து, தாழப் பறந்து, வேலியைத் தாண்டும் கடைசி நொடியில்தான் முகத்தைக் காட்டும். சின்ன வல்லூறுக்குக் குஞ்சு போதும். குளிர்நாடுகளின் கோஷாக் போன்ற பெரிய வல்லூறு முழுக்கோழியையே சாய்த்துவிடும்.

சாய்க்கும், ஆனால் தூக்கிப் போகாது. பெரிய கோஷாக்கின் எடையே ஏறக்குறைய ஒன்றரை கிலோதான். இரண்டு கிலோ கோழியோடு அதனால் மேலெழும்ப முடியாது; விழுந்த இடத்திலேயே வைத்துத் தின்னும். ஆகவே முழு வளர்ச்சியடைந்த கனமான கோழி சுவடே இல்லாமல் மறைந்துபோனால், வானத்தை விட்டுவிட்டுத் தரையில் தேடுங்கள். குஞ்சும் குட்டை ரகக் கோழியும் என்றால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.

மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கவனித்தால் அதன் காவல் எப்படி நடக்கிறது என்பது புரியும். எல்லாம் தலைகுனிந்து கிளறிக்கொண்டிருக்கும்போதே ஒன்று சட்டென்று நிற்கும். தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் மேலே பார்க்கும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் உயரத்தில் உள்ளதைக் கூர்ந்து பார்க்க அதுதான் வழி. பார்த்தது ஆபத்து என்றால் சேவலிடமிருந்து மெல்லிய, நீண்ட, கீச்சென்ற ஒலி எழும். எங்கிருந்து வந்தது என்று எளிதில் கண்டுபிடிக்க முடியாத ஒலி அது; கத்துகிற சேவலே இரையாகிவிடாமலிருக்க அது உதவுகிறது. அதே சேவல் நாயையோ நரியையோ பார்த்தால் ஊரைக் கூட்டுவதுபோல விட்டுவிட்டுக் கொக்கரிக்கும். கிறிஸ்டோபர் எவன்ஸ், பீட்டர் மார்லர் முதலிய ஆய்வாளர்கள் இந்த இரண்டு ஒலிகளையும் பதிவுசெய்து பெட்டைகளுக்குப் போட்டுக் காட்டி, 1993இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கண்ணெதிரே எதுவுமே இல்லாதபோதும், வான ஒலியைக் கேட்ட பெட்டைகள் மறைவுக்கு ஓடின, பதுங்கின, மேலே பார்த்தன. தரை ஒலியைக் கேட்டவை நெஞ்சை நிமிர்த்தி நின்று சுற்றிலும் பார்த்தன. பக்கத்தில் பெட்டை இருந்தால் சேவல் வான ஒலியை அதிகமாக எழுப்புகிறது என்பதும் மார்லர் குழுவின் சோதனைகளில் தெரிந்தது.

இன்னொரு செய்தி பலரும் அறியாதது. கோழிக்குஞ்சு வலக்கண்ணால் தானியத்தைப் பொறுக்கிக்கொண்டே இடக்கண்ணால் ஆபத்தைக் கவனிக்க வல்லது. இந்த வேலைப் பிரிவினை முட்டைக்குள்ளேயே ஏற்படுகிறது. பொரிவதற்கு முந்தைய நாட்களில் கருவின் வலக்கண் ஓட்டின் பக்கம் திரும்பியிருக்கும். ஓட்டைக் கடந்துவரும் வெளிச்சம் அதில் படும். இடக்கண் உடம்பில் மறைந்திருக்கும். முழு இருட்டில் பொரித்த குஞ்சுகளைவிட, வெளிச்சம் பட்டுப் பொரித்தவை தீனி தேடிக்கொண்டே தலைக்கு மேலே வரும் பருந்து உருவத்தைக் கண்டுகொள்வதில் தேறியவையாக இருந்ததை லெஸ்லி ராஜர்ஸ் குழு 2004இல் காட்டியது. அடைகோழி இரைக்காக அவ்வப்போது எழுந்து போகும்போது முட்டைக்கு வெளிச்சம் கிடைத்துவிடுகிறது. இன்குபேட்டரில் பொரிப்பவர்கள் கடைசி சில நாட்களாவது முட்டைக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

இத்தனை நல்ல காவல் இருந்தும் கோழி ஏன் சாகிறது? எச்சரிக்கை வந்தபின் ஓடுவதற்கு இடமில்லை, அதனால்தான். வல்லூறு வேலியைத் தாண்டுவதற்கும் நகம் பதிவதற்கும் நடுவே ஓரிரு நொடிதான் இருக்கும். மேய்ச்சல் இடத்தில் கோழி எங்கே நின்றாலும் நான்கைந்து மீட்டருக்குள் ஒரு மறைவு இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அடர்ந்து, கிளை தரையளவு தாழ்ந்த புதர்கள் மிக நல்லவை. புதர் வளரும்வரை பழைய மேசை, செங்கல்மேல் வைத்த மரப்பலகை, கூரைபோலச் சாய்த்து நிறுத்திய இரண்டு தகரம் என்று எதுவும் உதவும். கோழி குனிந்து நுழையும் உயரம் போதும். அதற்குமேல் உயர்ந்தால் பருந்தும் உள்ளே நுழைந்துவிடும். தனியாக நிற்கும் உயரமான மரமும், வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பமும் மறைவு ஆகா. அவை வல்லூறு உட்கார்ந்து வேவு பார்க்க நாமே போட்டுக்கொடுத்த ஆசனங்கள்.

இடம் சிறியது என்றால் மேலே மூடிவிடுவதே மேல். பருந்தைத் தடுக்க இரண்டு அங்குலக் கண் உள்ள வலை போதும். காகமும் குஞ்சைக் கொத்திக்கொண்டு போகும் என்பதால், குஞ்சுகள் இருக்கும் இடத்துக்கு இன்னும் நெருக்கமான வலை வேண்டும். வலை இழுத்துக் கட்டியதாக, கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் இருக்கட்டும். தொய்ந்து தொங்கும் மெல்லிய நைலான் வலையில் பறவைகளும் பாம்புகளும் சிக்கித் துடித்துச் சாகின்றன. அந்தச் சாவுக்குத் தேவையே இல்லை. உதிரும் இலை சேர்ந்து வலை தாழ்ந்துவிடாமல் அவ்வப்போது தட்டிவிட வேண்டும். கூண்டை ஒட்டிய சிறு முற்றத்துக்குக் கெட்டியான கூரையே போட்டுவிட்டால் காட்டுப் பறவைகளின் எச்சம் உள்ளே விழாது. பறவைக்காய்ச்சல் பரவும் காலத்தில் அது தனிப் பாதுகாப்பு. தூண்டில் நரம்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவது நேர்மேலிருந்து பாய்வதை ஓரளவு தடுக்கும். வேலியை ஒட்டித் தாழப் பறந்து வருவதை அது தடுக்காது.

பிளாஸ்டிக் ஆந்தை, மினுமினுக்கும் பழைய சிடி, காற்றில் ஆடும் பொம்மை இவற்றைப் பற்றி நிறைய நம்பிக்கைகள் உண்டு. 1937 வாக்கில் விலங்கு நடத்தை ஆய்வாளர்களான நிக்கோ டின்பெர்கனும் கொன்ராட் லோரன்ஸும் ஒரே அட்டை உருவத்தைப் பறவைகளின் தலைக்கு மேலே இருதிசையிலும் இழுத்துப் பார்த்தார்கள். ஒரு திசையில் அது குறுகிய கழுத்துள்ள பருந்தாகவும் எதிர்த்திசையில் நீண்ட கழுத்துள்ள வாத்தாகவும் தோன்றும். பருந்தாக வந்தபோது பறவைகள் அதிகம் மிரண்டதால் இது பிறவிப் பயம் என்று கருதப்பட்டது. பிறகு வொல்ஃப்காங் ஷ்லைட் வான்கோழிகளை வைத்துச் செய்த சோதனைகளை 1961இல் வெளியிட்டார். அடிக்கடி பார்க்கும் உருவம் எதுவானாலும் பயம் தேய்கிறது, அரிதாக வருவது எதுவானாலும் மிரட்டுகிறது என்பது அவர் கண்டது. வேட்டைப் பறவைக்கும் இது பொருந்தும். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் பொம்மை சில நாட்களிலேயே மரக்கட்டைக்குச் சமம். வைத்தே தீர வேண்டும் என்றால் தினமும் இடம் மாற்றுங்கள். ஆனால் அதை நம்பி வேறெதையும் கைவிடாதீர்கள்.

உயிருள்ள காவலாளிகள் மேல். கவனமான சேவல், சத்தம் போடும் கினிக்கோழி, கோழிகளோடு பழகி வளர்ந்த நாய் எல்லாமே பயன்தரும். கூட்டத்தோடு மனிதர் நடமாட்டம் இருந்தாலே வல்லூறு தயங்கும். தலைக்கொண்டை கண்ணை மறைக்கும் ரகங்களை வைத்திருப்பவர்கள், பார்வை தெரியும் அளவுக்கு அந்த இறகைக் கத்தரித்துவிட வேண்டும். மேலே வருவதே தெரியாத கோழியைத் திறந்தவெளியில் விடுவது கொடுமை.

ஒருமுறை இரை கிடைத்த இடத்துக்கு வல்லூறு மறுபடியும் வரும். தாக்குதல் நடந்த மறுநாளிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் கோழிகளை மூடிய இடத்திலேயே வைத்திருங்கள். வெறுங்கையோடு திரும்பும் பறவை வேறிடம் தேடிக்கொள்ளும். சுட்டோ விஷம் வைத்தோ கொல்லும் எண்ணம் வேண்டவே வேண்டாம். இந்தியாவில் 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பிரிட்டனில் 1981இன் சட்டம், அமெரிக்காவில் 1918இன் வலசைப் பறவைச் சட்டம் என்று பல நாடுகளில் இது குற்றம். சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும் கணக்கு உதைக்கிறது: நல்ல வேட்டையிடத்தில் ஒரு பறவை மறைந்தால் அந்த இடத்தைப் பிடிக்க இன்னொன்று வரும். எலியையும் பெருச்சாளியையும் தின்று கோழிக்கூண்டுக்கே உதவிசெய்பவையும் இதே பறவைகள்தான்.

மிச்சம் சொல்லும் சேதி

செத்த கோழியைப் புதைக்கும் அவசரத்தில் சாட்சியை அழித்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் நிதானமாகப் பாருங்கள். இறகுகள் வட்டமாக ஒரே இடத்தில் குவிந்து, அடித்தண்டு சேதமில்லாமல் பிடுங்கப்பட்டு, நெஞ்சுக்கறி முதலில் தின்னப்பட்டிருந்தால் வேட்டைப் பறவை. இறகின் தண்டு கடித்து முறிக்கப்பட்டிருந்தால் நான்குகால் விலங்கு. தலையும் கழுத்தும் மட்டும் போயிருந்து, கோழி வெளியே மரத்தில் அடைந்திருந்தால் பெரிய ஆந்தை. சிதறிய இறகுகள் ஒரு திசையில் கோடுபோட்டு, உடலே இல்லாமல் போயிருந்தால் நரி. ஏழெட்டுக் கோழிகள் குதறப்பட்டு, எதுவும் தின்னப்படாமல், வேலியும் வளைந்து கிடந்தால் பெரும்பாலும் நாய். அதுவும் அக்கம்பக்கத்து நாயாகவே இருக்கும். கழுத்திலும் பின்மண்டையிலும் சிறு பல் தடம் என்றால் கீரி, மரநாய் போன்றவற்றைச் சந்தேகிக்கலாம். முட்டையோ குஞ்சோ ஓடுகூட மிஞ்சாமல் மறைந்தால் பாம்பு. இறந்த குஞ்சின் தலையிலிருந்து தோள்வரை மட்டும் இறகு நனைந்து ஒட்டிக் கிடந்தால், பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் கக்கிவிட்டுப் போயிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. தின்ற விலங்கே கொன்ற விலங்கு என்று சொல்ல முடியாது. நோயில் செத்த கோழியை எலி கடிக்கும், காகம் கொத்தும், கூடவே இருந்த கோழிகளும் கொத்தும். கடித்த இடத்தில் தோலை விலக்கிப் பாருங்கள். சதையில் இரத்தம் கட்டிக் கன்றியிருந்தால் உயிரோடு இருக்கும்போது விழுந்த கடி. அப்படி எதுவும் இல்லையென்றால் செத்தபின் விழுந்தது. தடயமே இல்லாதபோது, கூண்டு வாசலில் சாயங்காலம் சலித்த மண்ணையோ மாவையோ மெல்லப் பரப்பி வையுங்கள். காலையில் காலடி இருக்கும்.

இருட்டிய பிறகு

ஒரு கீரியோ நரியோ உள்ளே புகுந்தால் ஏன் ஒன்றோடு நிற்பதில்லை? வெறி, கொலைக்குணம் என்றெல்லாம் சொல்வதுண்டு. விலங்கியலாளர் ஹான்ஸ் க்ரூக் 1972இல் இதைப் பற்றி எழுதியபோது காட்டியது வேறு. கும்மிருட்டான இரவுகளில், தரையில் முட்டையிடும் கடல்காகங்கள் பறந்து தப்பாமல் உட்கார்ந்திருக்க, நரிகள் தின்னக்கூடிய அளவுக்கும் மேலே அவற்றைக் கொன்றுபோட்டன. இரை ஓடித் தப்புவதுதான் பொதுவாக வேட்டையை முடித்துவைக்கிறது. தப்ப முடியாத இரை சுற்றிலும் இருந்தால் கொல்லும் தூண்டுதல் ஓய்வதில்லை. அடைத்த கூண்டு அப்படிப்பட்ட இடம். காட்டுக்கோழிக்கு உயரக் கிளை இருந்தது. நாம் அதை எடுத்துவிட்டுச் சுவர் கொடுத்திருக்கிறோம். அந்தச் சுவரில் ஓட்டை இருந்தால், கூண்டே இல்லாமல் இருப்பதைவிடக் கேடு.

அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை கோழி வெளியே போகாமலிருக்கத்தான் ஆகும். நாய் அதைக் கிழித்துவிடும். எலியும் பாம்பும் கண் வழியாகவே வந்துபோகும். அரை அங்குலக் கண் உள்ள, துத்தநாகம் பூசிய வெல்டிங் கம்பிவலை வேண்டும். கூண்டு முழுக்கப் போட முடியாவிட்டால் தரையிலிருந்து மூன்றடி உயரம்வரையும், எல்லாக் காற்றுத் திறப்புகளுக்கும் அதைப் போடுங்கள். வலையை ஆணியால் மட்டும் அடித்தால் இழுத்தவுடன் பிடுங்கிக்கொண்டு வரும். வாஷர் வைத்துத் திருகாணியால் முறுக்க வேண்டும். தரைக்கு இன்னொரு வேலை உண்டு. தோண்டும் விலங்கு சுவரின் அடியை ஒட்டித்தான் தோண்டும், பின்வாங்கி நின்று தோண்ட அதற்குத் தோன்றாது. எனவே வலையின் அடியை வெளிப்பக்கமாக மடக்கி ஒன்றரை முதல் இரண்டடி அகலத்துக்குத் தரையில் படுக்க வைத்து, முளையடித்து, மேலே மண்ணோ கல்லோ போட்டுவிட்டால் போதும். ஆழமாகக் குழிவெட்டிப் புதைப்பதைவிட இது எளிது.

மின்வேலி போடுபவர்கள் விலங்கின் மூக்குப் படும் உயரத்தில், ஏறக்குறைய அரையடிக்கு மேலே ஒரு கம்பியைச் சுற்றி இழுப்பார்கள். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் அதன் வலு போய்விடும். இதற்கென்றே செய்யப்பட்ட, துடிப்பாக மின்சாரம் தரும் கருவியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது ஆளைக் கொல்லும். சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் சொல்கிறேன், அதைச் செய்யாதீர்கள்.

தாழ்ப்பாள் சின்ன விஷயமாகத் தெரியும். ரக்கூன் என்ற சிறு விலங்கு உள்ள நாடுகளில் அது விரல்களால் சாதாரணக் கொக்கியைத் திறந்துவிடுகிறது. மற்ற இடங்களில் நாய் மூக்கால் தள்ளியே திறக்கிறது. தாழ்ப்பாளோடு ஒரு பூட்டோ திருகு கொக்கியோ சேர்த்துவிடுங்கள். தானியங்கிக் கதவு வைத்திருப்பவர்களும் சாயங்காலம் போய் எண்ணிப் பார்க்க வேண்டும். கதவு மூடிய பிறகு வெளியே நிற்கும் ஒரு கோழிதான் அன்றிரவின் இரை. உட்காரும் கட்டை வலைச்சுவரை ஒட்டி இருந்தால் வெளியிலிருந்தே காலையோ தலையையோ பிடித்து இழுக்க முடியும். கட்டையைக் கூண்டின் நடுவுக்கு நகர்த்துங்கள்.

இரவில் தீனியை அப்படியே விட்டு வைத்தால் எலி வரும்; எலியைத் தேடிப் பாம்பு வரும், கீரி வரும். சிந்தியதைக் கூட்டி எடுத்து, தீனியை மூடியுள்ள இரும்பு டிரம்மில் வையுங்கள். முட்டையை அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள். எலிமருந்து வைப்பது சுலபமாகத் தெரியும். புரோடிஃபகம் போன்ற மருந்துகள் எலியின் உடலில் தங்கி, அந்த எலியைத் தின்னும் ஆந்தையையும் பூனையையும் கொல்கின்றன. கோழியும் தடுமாறும் சுண்டெலியைக் கொத்தித் தின்னும் என்பதை மறக்கக் கூடாது. பொறி வைப்பதே நல்லது.

அடைகோழிக்குத் தனிக் கவனம் தேவை. யாருக்கும் தெரியாமல் புதருக்குள் முட்டையிட்டு அடைகாக்கும் கோழி 21 நாளும் இரவு பகல் தரையிலேயே கிடக்கிறது. இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால், இருட்டிய பிறகு முட்டையோடு சேர்த்து அதை மூடிய பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். குஞ்சு பொரித்தபின் பகலில் பஞ்சாரத்தால் கவிழ்த்து மேலே கல் வைத்தால் காகமும் பருந்தும் அண்டாது. கீரிக்கும் எலிக்கும் அதன் இடுக்குகள் தாராளம் என்பதால், அந்தியில் தாயையும் குஞ்சுகளையும் அரை அங்குல வலையுள்ள கூண்டுக்குள் கொண்டுபோக வேண்டும்.

பிழைத்து வந்த கோழியை வெளியிலிருந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். இறகை ஊதி விலக்கி முதுகையும் சிறகடியையும் தேடுங்கள். நகம் குத்திய துளை மேலே சின்னதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். உப்புநீரால் கழுவி, மற்றக் கோழிகள் கொத்தாதபடி தனியாக, வெதுவெதுப்பான அரையிருட்டில், தண்ணீரோடு வையுங்கள். பூனை கடித்த காயமானால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதன் பல்லில் உள்ள பாக்டீரியா ஓரிரு நாளில் இரத்தத்தில் பரவிவிடும். ஈ மொய்க்கும் காலமென்றால் காயத்தைத் தினம் இருமுறை பார்க்க வேண்டும், புழு வைக்க ஒரே நாள் போதும். கூட்டத்தில் மற்றவை பயத்தில் சில நாள் முட்டை குறைக்கும். தீனியும் நேரமும் வழக்கம்போலவே இருந்தால் பழையபடி இடத் தொடங்கும்.